டைம்ஷேர் வாங்குவதா, வாடகை அறையே போதுமா? பெங்களூரு குடும்பத்துக்கான முழுக் கணக்கு

ஒயிட்ஃபீல்டிலோ கோரமங்களாவிலோ மாலுக்குப் போன இடத்தில் லக்கி டிரா சீட்டு எழுதிப் போட்டவர்களுக்குச் சில நாளில் போன் வரும். மூன்று பகல், இரண்டு இரவு இலவசத் தங்கல் விழுந்திருக்கிறது, ஞாயிற்றுக்கிழமை மேடத்தையும் கூட்டிக்கொண்டு வாருங்கள் என்பார்கள். போய் உட்கார்ந்தால் விற்பது வேறு: 25 வருடத்துக்கான விடுமுறை உறுப்பினர் திட்டம். வருடத்துக்கு 7 இரவு தங்கலாம். முதலில் சில லட்சம், அதற்குப் பிறகு வருடாவருடம் பராமரிப்புக் கட்டணம். டைம்ஷேர் நம் நாட்டில் பெரும்பாலும் இந்த வடிவத்தில்தான் வருகிறது.

புதிதாக வாங்குபவர்கள் தடுமாறுவது வரிசையில்தான். முதலில் கூட்டம், அப்புறம் கையெழுத்து, கடைசியில் கணக்கு என்று போகிறார்கள். இங்கே அதைத் திருப்பிப் போட்டிருக்கிறேன். முதல் ஆறு படிகளையும் வீட்டிலேயே முடித்துவிட்டுத்தான் கூட்டத்துக்குப் போக வேண்டும்.

என் கருத்தை முன்னாலேயே சொல்லிவிடுகிறேன். அறை வாடகை எவ்வளவு ஏறும், வட்டி எவ்வளவு கிடைக்கும் என்பதெல்லாம் இரண்டாம்பட்சம். அந்த 7 இரவில் உங்கள் குடும்பம் உண்மையில் எத்தனை இரவு அங்கே தூங்கப்போகிறது என்பதுதான் லாப நட்டத்தைத் தீர்மானிக்கிறது.

கையில் வேண்டியவை: கடந்த மூன்று வருடப் பயண விவரம் (போனில் உள்ள படங்களின் தேதிகளே போதும்), கணவன் மனைவி இருவரின் லீவு கணக்கு, பிள்ளைகளின் பள்ளி நாட்காட்டி, உங்கள் வங்கியின் வைப்பு நிதி வட்டி விகிதம், ஒரு எக்செல் தாள்.

1. போன மூன்று வருடத்தில் எத்தனை இரவு வெளியே தங்கினீர்கள்?

"இனிமேல் வருடத்துக்கு ஒரு வாரம் கண்டிப்பாகப் போவோம்" என்ற ஆசையைக் கணக்கில் சேர்க்காதீர்கள். நடந்ததை மட்டும் எழுதுங்கள். ஓட்டலிலோ ரிசார்ட்டிலோ ஹோம்ஸ்டேயிலோ சொந்தக் காசு கொடுத்துத் தங்கிய இரவுகள் மட்டும்தான் கணக்கு. சொந்தக்காரர் வீட்டில் தங்கியதும் அலுவலகச் செலவில் போனதும் சேராது.

பெங்களூரில் இருக்கும் தமிழ்க் குடும்பங்களுக்கு இந்தப் படி முக்கியம். நம் லீவில் பெரும்பகுதி ஊருக்குத்தான் போகிறது. பொங்கலுக்கு நாலு நாள், தீபாவளிக்கு மூன்று நாள், தங்கை மகளுக்குக் காதுகுத்து, சித்தப்பா வீட்டுக் கல்யாணம், கோயில் கொடை. சேலத்துக்கும் திருநெல்வேலிக்கும் போய்வந்த பிறகு மிச்சம் இருக்கும் லீவை எண்ணிப் பாருங்கள். தொடர்ச்சியாக 7 இரவு பல வீடுகளில் தேறாது. இரண்டு நாள், மூன்று நாளாகப் பிரித்துத்தான் போக முடியும்.

அப்படிப் பிரிக்கும்போது வார இறுதிக்கும் ஓர் எல்லை உண்டு. மைசூர் வழியாக ஊட்டிக்கோ வயநாட்டுக்கோ போகும் பந்திப்பூர் காட்டுச் சாலை இரவு 9 மணியிலிருந்து காலை 6 மணிவரை மூடியிருக்கும். வெள்ளிக்கிழமை மாலை அலுவலகம் முடிந்து சில்க் போர்டு நெரிசலைத் தாண்டிக் கிளம்பினால் 9 மணிக்குள் அங்கே போய்ச் சேர வழியே இல்லை. ஆக, சனிக்கிழமை கிளம்பி ஞாயிற்றுக்கிழமை திரும்பும் ஒரே ஓர் இரவுதான் கைக்கு வரும்.

மூன்று வருடச் சராசரியை ஓர் எண்ணாக எழுதிக்கொள்ளுங்கள். ஐந்தாம் படியில் இது வேண்டும்.

2. எந்த வாரத்தில் போக முடியும் என்று குறியுங்கள்

உறுப்பினர் திட்டங்களின் விலை, சீசனைப் பொறுத்தது. பெரிய கிளப்புகள் வருடத்தை நிறம் நிறமாகப் பிரித்து வைத்திருக்கும். உதாரணத்துக்கு, கிளப் மகிந்திராவில் உச்ச சீசனுக்கு ஊதா, அதற்கடுத்துச் சிவப்பு, வெள்ளை, நீலம். நீங்கள் வாங்கும் நிறத்துக்கு மேலே உள்ள சீசனில் அதே எளிதில் அறை கிடைக்காது.

பள்ளியில் படிக்கும் பிள்ளைகள் இருந்தால் உங்களுக்குக் கிடைப்பவை தசரா விடுமுறை, கிறிஸ்துமஸ் வாரம், ஏப்ரல்-மே. குடகுக்கும் ஊட்டிக்கும் கூட்டம் குவியும் நேரமும் இதேதான். விலை குறைவாக இருக்கிறதே என்று கீழ் சீசனை வாங்கினால் ஜூலை மழையில் மடிக்கேரிக்குப் போக வேண்டிவரும். அதுவும் பள்ளி நடக்கும்போது.

பணி ஓய்வு பெற்றவர்களுக்கு இந்தச் சிக்கல் இல்லை. செவ்வாய்க்கிழமை போய் வெள்ளிக்கிழமை திரும்பலாம். மலிவான சீசன் அவர்களுக்குத்தான் உண்மையில் மலிவு.

3. அதே அறைக்கு இன்றைய வாடகையைப் பாருங்கள்

ஒப்பிடும் அறை ஒரே தரத்தில் இருக்க வேண்டும். சிலர் டைம்ஷேரின் ஒரு படுக்கையறை அப்பார்ட்மென்டை நகரத்து ஐந்து நட்சத்திர ஓட்டலோடு ஒப்பிட்டு, டைம்ஷேரே மேல் என்பார்கள். வேறு சிலர் 2,000 ரூபாய் லாட்ஜோடு ஒப்பிட்டுத் தள்ளிவிடுவார்கள். இரண்டும் தப்பு.

எளிய வழி: அந்த நிறுவனத்தின் ரிசார்ட்டையே முன்பதிவுத் தளங்களில் தேடுங்கள். சில கிளப்புகள் காலியாக இருக்கும் அறைகளை வெளி ஆட்களுக்கும் விற்கின்றன. உறுப்பினராகாமலே அதே கட்டிலில் படுக்க என்ன விலை என்று தெரிந்துவிடும். இரண்டாம் படியில் குறித்த தேதிகளைப் போட்டே பாருங்கள். சாதாரண வார விலையைப் பார்த்து முடிவுக்கு வராதீர்கள்.

அதே பகுதியில் ஒரு நல்ல ஹோம்ஸ்டே விலையையும் பக்கத்தில் எழுதுங்கள். குடகிலும் சிக்மகளூரிலும் பல ஹோம்ஸ்டேக்களில் தலைக்கு இவ்வளவு என்று சாப்பாட்டோடு சேர்த்து வாங்குவார்கள். இதில் சாப்பாட்டுச் செலவைக் கழித்துவிட்டு ஒப்பிட வேண்டும்.

வரியை மறக்க வேண்டாம். 2025 செப்டம்பர் 22 முதல், ஓர் இரவுக்கு 7,500 ரூபாய் வரையுள்ள அறைக்கு 5 சதவீதம் ஜிஎஸ்டி, அதற்கு மேல் போனால் 18 சதவீதம். 7,500 ரூபாய் அறை வரியோடு 7,875. 7,600 ரூபாய் அறையோ 8,968! நூறு ரூபாய் வித்தியாசத்தில் ஆயிரத்துக்கு மேல் போய்விடுகிறது. அறை தேடும்போது இந்தக் கோட்டை நினைவில் வைத்தாலே நாலு காசு மிஞ்சும்.

4. நிறுவனத்திடம் எழுத்தில் கேட்டு வாங்க வேண்டிய தொகைகள்

போனில் அழைத்தவரிடமே "விவரங்களை மின்னஞ்சலில் அனுப்புங்கள், பார்த்துவிட்டு வருகிறோம்" என்று சொல்லுங்கள். நேரில் வந்தால்தான் சொல்வோம் என்றால், அதுவே ஒரு தகவல். கேட்க வேண்டியவை:

உறுப்பினர் கட்டணம், ஜிஎஸ்டி சேர்த்து. இதற்கு 18 சதவீதம் வரி. தாளில் 4.24 லட்சம் என்று எழுதியிருப்பது கட்டும்போது 5 லட்சமாகும்.

ஆண்டுப் பராமரிப்புக் கட்டணம், கடந்த ஐந்து வருடத்தில் அது எவ்வளவு இருந்தது என்ற விவரத்தோடு. இந்த ஆண்டுத் தொகை மட்டும் போதாது. 25 வருடமும் கூடவே வரப்போவது இதுதான். தங்கினாலும் தங்காவிட்டாலும் கட்ட வேண்டும். கட்டாமல் விட்டால் முன்பதிவே நின்றுபோகும், வட்டியும் ஏறலாம்.

தவணையில் வாங்குவதானால் மொத்த வட்டி. 1 லட்சம் முன்பணம் கொடுத்து மீதி 4 லட்சத்தை 15 சதவீத வட்டியில் 48 மாதத் தவணையாகக் கட்டினால் மாதம் 11,130 ரூபாய் ஆகும். வட்டி மட்டும் 1.34 லட்சம் கூடுகிறது. 5 லட்சத் திட்டம் அப்போது 6.34 லட்சத் திட்டம். "மாதம் பதினோராயிரம்தானே சார்" என்பதில் இது தெரியாது.

பிறகு சில்லறைச் செலவுகள்: உங்கள் இரவுகளைக் கொடுத்து வெளிநாட்டு ரிசார்ட்டில் தங்குவதற்கான பரிமாற்றக் கட்டணம், கூடுதல் ஆளுக்கான கட்டணம், கடைசி நேரத்தில் ரத்து செய்தால் எத்தனை இரவு கழியும் என்பது.

சாப்பாடு தனி. இதைப் பலர் கேட்பதே இல்லை. ஓட்டல் விலையில் காலை உணவு பெரும்பாலும் சேர்ந்திருக்கும், உறுப்பினர் தங்கலில் பெரும்பாலும் இருக்காது. ரிசார்ட் மலைமேல் தனியாக இருந்தால் மூன்று வேளையும் அங்கேயேதான் சாப்பிட வேண்டும். நாலு பேருக்கு நாளைக்கு 4,000 ரூபாய் என்று வைத்தாலும் 7 நாளில் 28,000. ஆண்டுக் கட்டணத்தைவிட இதுவே பெரிதாகிவிடலாம்.

5. இப்போது கணக்கு

முதலில் விற்பனையாளர் போடும் கணக்கைப் பார்த்துவிடுவோம். ஏ4 தாளைக் கவிழ்த்து வைத்துப் பேனாவால் எழுதுவார். "இன்றைக்கு ஓர் இரவு 8,000. ஏழு இரவுக்கு 56,000. வருடம் 10 சதவீதம் ஏறும். 25 வருடத்தில் ஓட்டலுக்கு நீங்கள் கொடுப்பது 55 லட்சம், சார். இங்கே வெறும் 5 லட்சம்." 55-ஐ வட்டம் போட்டுக் காட்டுவார்.

பெருக்கலில் தப்பில்லை. ஆனால் இரண்டு விஷயம் தாளிலேயே இல்லை. ஒன்று, ஆண்டுக் கட்டணம். 25,000 ரூபாயில் தொடங்கி அவர் சொன்ன அதே 10 சதவீதம் ஏறினால் 25 வருடத்தில் அது மட்டும் 24.6 லட்சம். இரண்டு, உங்கள் 5 லட்சம். வாடகைக்கு 10 சதவீதம் வளர்ச்சி கொடுத்தவர் உங்கள் பணத்துக்குக் கொடுக்கவில்லை. அதற்கும் அதே 10 சதவீதம் கொடுத்தால் 25 வருடத்தில் 54 லட்சம் ஆகிறது. வருடாவருடம் செலவழிப்பதையும் கடைசியில் சேரும் தொகையையும் இப்படி நேரடியாக ஒப்பிடக்கூடாதுதான். முறையான கணக்கு கீழே.

நமக்கு வேண்டிய கேள்வி இது: அந்த 5 லட்சத்தைக் கிளப்புக்குக் கொடுக்காமல் வங்கியில் போட்டு, அதிலிருந்தே வருடாவருடம் அறை வாடகை எடுத்தால், எந்த விலை அறைவரை தாங்கும்?

எக்செல்லில் 25 வரிசை போடுங்கள். முதல் வரிசையில் தொடக்க இருப்பு 5,00,000. அதற்கு 7 சதவீத வட்டி சேருங்கள். அந்த வருட அறை வாடகையைக் கழியுங்கள். மீதி, அடுத்த வரிசையின் தொடக்க இருப்பு. வாடகை வருடத்துக்கு 6 சதவீதம் ஏறட்டும். 25-ம் வரிசையில் இருப்பு சுழியத்தைத் தொடும்வரை முதல் வருட வாடகையை மாற்றிக்கொண்டே வாருங்கள். இந்த எண்கள் எல்லாம் உதாரணத்துக்கு நான் வைத்தவை, உங்கள் எண்களைப் போட்டுக்கொள்ளுங்கள்.

மேலே சொன்ன எண்களுக்கு விடை ஏறத்தாழ 23,900 ரூபாய். அதாவது 5 லட்சம் கையில் இருந்தால் முதல் வருடம் 23,900, அடுத்த வருடம் அதைவிட 6 சதவீதம் கூடுதலாக என்று 25 வருடமும் எடுக்கலாம். இதோடு, கிளப்பில் சேராததால் மிஞ்சும் ஆண்டுக் கட்டணம் 25,000-ஐச் சேருங்கள். அதுவும் 6 சதவீதம் ஏறுவதாக வைத்திருக்கிறேன். மொத்தம் 48,900. ஏழு இரவுக்கு வகுத்தால் ஓர் இரவுக்குச் சுமார் 7,000 ரூபாய்.

இதுதான் எல்லைக்கோடு. மூன்றாம் படியில் எழுதிய வாடகை வரியோடு 7,000-க்குக் கீழே இருந்தால் வாடகைக்கு எடுப்பது லாபம். அதற்கு மேலே என்றால் டைம்ஷேர் பக்கம் தராசு சாயலாம். ஆனால் ஏழு இரவையும், 25 வருடமும், ஒன்றுவிடாமல் பயன்படுத்தினால்தான்.

இங்கேதான் முதல் படியில் எழுதிய சராசரி வந்து உட்காருகிறது. ஏழுக்குப் பதில் 5 இரவு என்றால் எல்லைக்கோடு 9,780 ரூபாய்க்கு ஏறிவிடும். 4 இரவு என்றால் 12,225. மலையோரத்தில் அந்த விலைக்கு நல்ல அறை வாடகைக்கே கிடைக்கும். பயன்படுத்தாத இரவுகளை அடுத்த வருடத்துக்குக் கொண்டுபோகலாம் என்பார்கள். உண்மைதான். லீவையும் கொண்டுபோக முடிகிறதா என்று பாருங்கள்.

வட்டியை மாற்றிப் பார்ப்பதும் நல்லது. நீங்கள் 30 சதவீத வரி அடுக்கில் இருந்தால் 7 சதவீத வைப்பு நிதி கையில் 4.9 சதவீதம்தான் தரும். அப்போது எல்லைக்கோடு 6,200 ரூபாய்க்கு இறங்கும், டைம்ஷேருக்குக் கொஞ்சம் சாதகம். 10 சதவீதம் தரும் முதலீட்டில் போட்டிருந்தால் 8,300-க்கு ஏறும். ஆக, வட்டியை எப்படி மாற்றினாலும் கோடு 6,200-க்கும் 8,300-க்கும் நடுவில்தான் நகர்கிறது. இரவுகளின் எண்ணிக்கையை மாற்றினால் 7,000-லிருந்து 12,000-க்குத் தாவுகிறது. நான் முதலில் சொன்னதற்குக் காரணம் இதுதான்.

ஆண்டுக் கட்டணம் 6 சதவீதத்துக்குப் பதில் 8 சதவீதம் ஏறினால்? 25,000 ரூபாய் 25-ம் வருடத்தில் 1.01 லட்சம் ஆவதற்குப் பதில் 1.59 லட்சம் ஆகும். வாடகைக்காரருக்கு இந்தக் கவலை இல்லை. அறை விலை ஏறினால் வேறு ஊருக்குப் போகலாம், ஹோம்ஸ்டேக்கு மாறலாம், அந்த வருடம் போகாமலே இருக்கலாம். எக்செல் தாளில் எழுத முடியாத இந்தச் சுதந்திரத்துக்கும் ஒரு விலை உண்டு.

இங்கே பெரும்பாலோர் செய்யும் தவறு, 5 லட்சத்தை 175 இரவால் வகுத்து "ஓர் இரவு 2,857 ரூபாய்தான்" என்று முடிப்பது. வட்டியும் இல்லை, ஆண்டுக் கட்டணமும் இல்லை. விற்பனைக் கூட்டத்தில் கிடைக்கும் எண்ணும் இதுவாகவே இருக்கும்.

6. ஓர் உறுப்பினரின் செயலியைத் திறந்து பாருங்கள்

கணக்கு டைம்ஷேருக்குச் சாதகமாக வந்தால் மட்டும் இந்தப் படி. வராதவர்கள் இதோடு நிறுத்திக்கொண்டு இலவச வவுச்சரையும் மறந்துவிடலாம்.

அலுவலகத்திலோ அடுக்ககத்திலோ ஏற்கெனவே உறுப்பினராக இருப்பவர் ஒருவராவது இருப்பார். அவருடைய போனில் முன்பதிவுச் செயலியைத் திறக்கச் சொல்லி, நீங்கள் குறித்துவைத்த தேதிகளைப் போட்டுப் பாருங்கள். நான் அருகில் உட்கார்ந்து பார்த்த ஒரு திரையில் தசரா வாரம் முழுக்கச் சாம்பல் நிறம். குடகு, வயநாடு இரண்டிலும் காத்திருப்போர் பட்டியல். இடையில் ஒரு செவ்வாய், புதன் மட்டும் பச்சை. அதுவும் ஒரு படுக்கையறை அப்பார்ட்மென்ட் இல்லை, ஒற்றை அறை ஸ்டூடியோ. நாலு மாதம் முன்னால் போட்டிருந்தால் கிடைத்திருக்கும் என்றார் அவர். நாலு மாதம் முன்னால் ஐ.டி. வேலையில் யாருக்கு லீவு உறுதியாகிறது?

வாங்குவதற்கு முன் எந்த விளம்பரத் தாளிலும் இது தெரியாது. ரிசார்ட்டுகளின் எண்ணிக்கையைத்தான் பெரிதாக அச்சிட்டிருப்பார்கள். பெங்களூரிலிருந்து காரில் எட்டும் தூரத்தில், உங்கள் தேதியில், உங்கள் அளவு அறை உண்டா என்பது மட்டுமே உங்களுக்குப் பயன்படும்.

அவரிடம் இன்னொன்றும் கேளுங்கள்: கடைசியாக வந்த ஆண்டுக் கட்டண ரசீது. நாலாம் படியில் நிறுவனம் சொன்ன தொகையோடு பொருந்துகிறதா என்று பார்த்துவிடலாம்.

7. கூட்டத்தில் நடந்துகொள்ளும் விதம்

கிரெடிட் கார்டை வீட்டில் வைத்துவிட்டுப் போங்கள். இருவரும் சேர்ந்து வாருங்கள் என்று அவர்கள் வற்புறுத்துவதே, "வீட்டில் கேட்டுச் சொல்கிறேன்" என்ற வாசலை அடைக்கத்தான்.

ஒன்றரை மணி நேரம் என்பார்கள், மூன்று மணி நேரம் இழுக்கும். நீங்கள் தமிழ் என்று தெரிந்ததும் தமிழ் பேசும் ஒருவர் வந்து உட்காருவார். "அண்ணா, எனக்கும் மதுரைப் பக்கம்தான்." பேச்சு இதமாகத்தான் இருக்கும். பக்கத்து மேஜையில் யாராவது கையெழுத்துப் போட்டால் கைதட்டல் எழும். முடிவில் மேனேஜர் வந்து விலையை இறக்குவார். இந்த விலை இன்றைக்கு மட்டும்தான் என்பார்.

பதிலை முன்கூட்டியே பேசிவைத்துக்கொண்டு போங்கள். "அப்படியானால் இந்த விலையைத் தாளில் எழுதி, தேதி போட்டுக் கையெழுத்துப் போட்டுக் கொடுங்க, அடுத்த ஞாயிற்றுக்கிழமைக்குள் சொல்கிறோம்." பெரும்பாலும் கொடுக்க மாட்டார்கள். சண்டை வேண்டாம், எழுந்து வந்துவிடலாம். மறு வாரமே அதே விலைக்குப் போன் வருவது அபூர்வமில்லை.

வாய்ப் பேச்சில் மூன்றைக் கவனியுங்கள்: "எப்போது வேண்டுமானாலும் விற்றுவிடலாம்", "நீங்கள் போகாத வருடம் நாங்களே வாடகைக்கு விட்டுப் பணம் தருவோம்", "இது ஒரு முதலீடு". மூன்றாவதைச் சொன்னால் அப்போதே எழுந்துவிடுங்கள். தங்கும் இரவுகளை விற்று, தங்காதவர்களுக்கு ஒரு தொகையைத் திருப்பித் தருவதாகச் சொல்லிப் பணம் திரட்டிய பான்கார்டு கிளப்ஸ் நிறுவனத்தின் திட்டம், அனுமதியில்லாத கூட்டு முதலீட்டுத் திட்டம் என்று பங்குச் சந்தைக் கட்டுப்பாட்டு அமைப்பான செபி முடிவு செய்தது. சுமார் 7,035 கோடி ரூபாயை முதலீட்டாளர்களுக்குத் திருப்பித் தரும்படி 2016 பிப்ரவரியில் உத்தரவும் போட்டது. பணம் போட்டவர்கள் சுமார் 50 லட்சம் பேர். விடுமுறை உறுப்பினர் திட்டம் என்பது செலவு. லாபமான செலவா என்று மட்டும்தான் பேச வேண்டும்.

8. ஒப்பந்தத்தில் முதலில் புரட்ட வேண்டிய பக்கங்கள்

நேரம் குறைவென்றால் கீழே உள்ள வரிசையிலேயே படியுங்கள்.

ரத்து செய்யும் கால அவகாசம். ஐரோப்பிய ஒன்றியத்தில் 2008-ம் வருட உத்தரவுப்படி டைம்ஷேர் வாங்கியவர் 14 நாளுக்குள் காரணம் சொல்லாமலே விலகலாம். நம் நாட்டில் டைம்ஷேருக்கென்று தனிச் சட்டம் இல்லை. ஒப்பந்தத்தில் என்ன எழுதியிருக்கிறதோ அதுதான் உங்களுக்கு. பெரிய நிறுவனங்கள் 10 நாள் போல ஓர் அவகாசம் கொடுப்பதுண்டு. எந்தத் தேதியிலிருந்து எண்ண வேண்டும், என்ன பிடித்துக்கொள்வார்கள் என்று பாருங்கள். அந்தப் பக்கமே இல்லையென்றால் வாங்காதீர்கள்.

ஆண்டுக் கட்டணம் ஏறும் விதி. விலைவாசிக் குறியீட்டோடு கட்டியிருக்கிறதா, உச்சவரம்பு உண்டா, அல்லது "நிறுவனம் அவ்வப்போது தீர்மானிக்கும்" என்று விட்டிருக்கிறதா? கடைசி வகை என்றால் ஐந்தாம் படிக் கணக்கை 8 சதவீதம் வைத்து மறுபடி போடுங்கள்.

"இந்த ஆவணத்தில் இல்லாத எந்த வாக்குறுதியும் செல்லாது" என்ற வரி அநேகமாக எல்லா ஒப்பந்தத்திலும் இருக்கும். மேஜையில் சொன்னதெல்லாம் அந்த ஒரு வரியில் அடிபட்டுப்போகும். வாக்குறுதி முக்கியம் என்றால் தனித்தாளில் எழுதி வாங்கி இணைக்கச் சொல்லுங்கள்.

அப்புறம், நடுவில் விலகினால் எவ்வளவு திரும்பும், மற்றவருக்கு மாற்ற என்ன கட்டணம், உறுப்பினர் இறந்தால் பிள்ளைகளுக்குப் போகுமா, உங்கள் பெயரில் நண்பரை அனுப்பலாமா. வாங்குவது சொத்து இல்லை, தங்கும் உரிமை மட்டும்தான் என்பதையும் பெரும்பாலான திட்டங்களில் இங்கேதான் எழுதியிருப்பார்கள்.

9. கைமாறி வரும் உறுப்பினர் உரிமை

கணக்கில் டைம்ஷேர் ஜெயிக்கும் இடம் ஒன்று உண்டு. பயன்படுத்த முடியாமல் தவிப்பவர்கள் பலர் தங்கள் உரிமையை அடிமாட்டு விலைக்கு விற்கிறார்கள். 15 வருடம் மிச்சமுள்ள ஓர் உரிமை 1 லட்சத்துக்குக் கிடைத்தால், அதே 7 சதவீத வட்டி, 6 சதவீத ஏற்றத்தில் எல்லைக்கோடு 4,660 ரூபாய்க்கு இறங்கிவிடுகிறது. 5 இரவு பயன்படுத்தினால்கூட 6,500 ரூபாய்தான். மாற்றுக் கட்டணத்தை மட்டும் சேர்த்துப் பாருங்கள்.

வாங்கும் முன், விற்பவரையும் நிறுவனத்தையும் ஒரே மின்னஞ்சலில் வைத்து மூன்று கேள்விக்கு எழுத்தில் பதில் வாங்குங்கள்: ஆண்டுக் கட்டணப் பாக்கி உண்டா, எந்தத் தேதிவரை செல்லும், முதல் உறுப்பினருக்கு இருந்த சலுகைகள் எல்லாம் மாறி வருபவருக்கும் உண்டா. பணத்தை, பெயர் மாறிய பிறகு கொடுங்கள். முன்பணம் கேட்கும் இடைத்தரகர்களிடம் போகவே வேண்டாம்.

10. ஏற்கெனவே கையெழுத்துப் போட்டாயிற்று என்றால்

அவகாசம் முடியவில்லை என்றால் இன்றே ரத்துக் கடிதம் அனுப்புங்கள். மின்னஞ்சலும் வேண்டும், ஸ்பீடு போஸ்ட்டும் வேண்டும். போனில் சொல்வது கணக்கில் வராது. "மேனேஜர் திங்கட்கிழமை உங்களை நேரில் பார்ப்பார்" என்று நாளைக் கடத்துவதுதான் வழக்கமான தந்திரம்.

அவகாசம் முடிந்திருந்தால், வாக்குறுதிக்கும் ஒப்பந்தத்துக்கும் உள்ள முரண்களைத் தேதி வாரியாக எழுதி, வாட்ஸ்ஆப் செய்திகளைச் சேமித்துக்கொண்டு, முதலில் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகார் பதியுங்கள். பலன் இல்லையென்றால் மாவட்ட நுகர்வோர் ஆணையம். 2019-ம் வருட நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி நீங்கள் வசிக்கும் ஊரிலேயே வழக்குப் போடலாம். நிறுவனத்தின் தலைமையகம் எந்த ஊரில் இருந்தாலும் பெங்களூரிலேயே நடத்தலாம். கொடுத்த தொகை 5 லட்சம் வரை என்றால் ஆணையத்துக்குக் கட்டணம் கிடையாது. பிரச்சினை எழுந்து இரண்டு வருடத்துக்குள் போக வேண்டும். இ-ஜாக்ருதி இணையதளத்தில் வீட்டிலிருந்தே மனு போட முடியும்.

தவணைக்காரர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். தவணை, கிளப்பிடம் நேரடியாகவா, அல்லது வங்கிக் கடனா? வங்கிக் கடன் என்றால் அது தனி ஒப்பந்தம். உறுப்பினர் உரிமையை ரத்து செய்ததும் கடன் தானாக முடிந்துவிடாது. கோபத்தில் தவணையை நிறுத்தினால் அடிபடுவது, கடன் கொடுப்பவர்கள் பார்க்கும் உங்கள் சிபில் மதிப்பெண். பணம் திரும்பி, கடன் முடிந்ததற்கான கடிதம் வங்கியிலிருந்து வரும்வரை தவணையைக் கட்டிக்கொண்டே வழக்கை நடத்துங்கள்.